டாப்ளர் வந்த ராத்திரி ('நம்ம வீடு' குழு)

கார்த்திக்: வயிற்றில் வைத்துப் பிள்ளைத் துடிப்பு கேட்கிற டாப்ளர் பெட்டி வந்தாச்சு. ஜெல் தடவி வைத்துப் பார்த்தோம். 84 காட்டுகிறது. குதிரை ஓடுகிற மாதிரி கேட்கும் என்றார்களே?

பிரியா: அண்ணா, குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கணும்!!

அம்மா: ஐயோ. செல்வி, ஆன்லைனில் இருக்கிறாயா?

செல்வி சித்தி: இருக்கிறேன் அக்கா, யாரும் பதறாதீர்கள். கார்த்தி, திவ்யா மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார். பெட்டிச் சத்தமும் அதுவும் சேர்ந்து வருகிறதா?

கார்த்திக்: ஆமாம் சித்தி, சேர்ந்துதான் வருகிறது.

செல்வி சித்தி: அப்போ நீ கேட்டது உன் பெண்டாட்டி நாடி. நஞ்சுக்கொடி இருக்கும் பக்கம் வைத்தால் 'உஷ் உஷ்' என்று கேட்கும், அதையும் பிள்ளைத் துடிப்பு என்று நம்பிவிடுவார்கள். நாங்கள் மரக்குழலை வைத்துக் கேட்ட காலத்தில், முதலில் வயிற்றைத் தடவிப் பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்போம். அது கைப்பழக்கம்டா, ஜெல்லோடு பெட்டியில் வராது.

திவ்யா: 84 பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, உள்ளே இருந்து ஓர் உதை 😅

அப்பத்தா: வேகமாத் துடிச்சா பொண்ணும்பாங்க.

செல்வி சித்தி: அதெல்லாம் இல்லை அத்தை. துடிப்பை வைத்து ஆணா பெண்ணா சொல்லவே முடியாது.

பிரியா: அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014லேயே வீட்டில் இதை வைத்துக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது அண்ணா.

கார்த்திக்: ஆஸ்பத்திரியிலும் இதைத்தானே வைக்கிறார்கள்?

செல்வி சித்தி: அங்கே கேட்பவருக்குப் பழகிய காது. நீ 84ஐப் பார்த்துப் பயந்தது பரவாயில்லை, பயந்தால் ஓடி வருவாய். அசைவு குறைந்த நாளில் இதை வைத்து, என்னமோ ஒரு சத்தம் கேட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று படுத்துவிடுவீர்களே, அதற்குத்தான் பயம். பிள்ளைத் துடிப்பே கேட்டாலும், அந்த நேரம் துடிக்கிறது, அவ்வளவுதான். சோர்ந்து போயிருக்கிறதா என்று உனக்குத் தெரியாது.

திவ்யா: அப்போ எதைப் பார்ப்பது சின்னத்தை?

செல்வி சித்தி: 28 வாரம் முடிந்ததல்லவா? சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படும்மா. வயிற்றில் கை வைத்து எண்ணு. 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வந்தால் சரி. அது வராவிட்டாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி பட்டாலோ, நடுராத்திரி ஆனாலும் கிளம்பு. வண்டி இல்லையென்றால் 108. விடியட்டும் என்று இருக்காதே.

அம்மா: கார்த்தி, படித்தாயா?

கார்த்திக்: படித்தேன்மா. ஜெல்லைத் திறந்துவிட்டேனே, திருப்பி எடுத்துக்கொள்வார்களா?