பீடோங்கிலிருந்து 6 பேர் பாங்காக் போறாங்க, எதுல எல்லாம் ஏமாத்துவாங்க?

பீடோங் மல்லிகை:
வணக்கம். பள்ளி விடுமுறைக்கு அப்பா, அம்மா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவங்க பையன்னு 6 பேர் பினாங்கிலிருந்து பாங்காக் போறாங்க. புலனத்துல ஒரு விளம்பரம் வந்துச்சு. 4 நாள் 3 இரவு, விமான டிக்கெட், ஹோட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 899 வெள்ளி. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பாதிப் பணம் கட்டணுமாம். கட்டலாமா? அங்க போனா டெக்சி, ஹோட்டல், கோயில் பக்கம் எதுல கவனமா இருக்கணும்? அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, மலாய் நல்லா பேசுவாரு.

கிராணி மகன்:
தங்கச்சி, முதல்ல அந்த வெள்ளிக்கிழமையை மறந்துடுங்க. பாங்காக் தெருவுல ஏமாந்தா 300, 400 பாட் போகும். பீடோங்குல உட்கார்ந்துகிட்டே பணத்தை அனுப்பினா 2,697 வெள்ளி ஒரே தட்டுல போயிடும். பெரிய ஏமாற்று எல்லாம் ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாலதான் நடக்குது.

மலேசியாவுல சுற்றுலா நிறுவனம் நடத்த 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேணும். விளம்பரத்துல கேபிகே/எல்என் இல்லன்னா கேபிஎல்/எல்என்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. மோத்தாக், அதான் சுற்றுலா அமைச்சு, அதோட இணையத்தளத்துல அந்த எண்ணைத் தேடுங்க. மூணு விஷயம் பார்க்கணும். உரிமம் காலாவதி ஆகியிருக்கா? வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்ய அனுமதி இருக்கா, இல்ல டிக்கெட் விற்க மட்டும்தானா? அங்க இருக்கிற நிறுவனத்தோட பேரும் உங்களுக்கு வந்த கணக்கு எண்ணோட பேரும் ஒண்ணா? மூணாவதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க, ஏன்னா உண்மையான நிறுவனத்தோட எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக்கிறது ரொம்ப சுலபம்.

பேங்க் செயலியில கணக்கு எண்ணைப் போட்டா, பணம் போறதுக்கு முன்னால பேரு வரும். அதுல நின்னு படிங்க. அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போலீஸோட செமாக் மியூல் தளத்துலயும் தட்டிப் பாருங்க. ஆனா அங்க ஒண்ணும் இல்லன்னு வந்தா நல்லவங்கன்னு அர்த்தமில்ல. இதுவரைக்கும் யாரும் புகார் கொடுக்கலன்னுதான் அர்த்தம்.

பீடோங் மல்லிகை:
பார்த்தேன் அண்ணே. நிறுவனம் மோத்தாக் பட்டியல்ல இருக்கு. ஆனா கணக்கு ஒரு தனி ஆள் பேருல வருது. கேட்டா, "கம்பெனி கணக்குல இப்ப பிரச்சினை, இது அக்கவுண்டன்ட் கணக்கு"ன்னு சொல்றாங்க.

கிராணி மகன்:
கட்டாதீங்க. தளத்துல இருக்கிற அலுவலக எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, இந்த ஆள் உங்க ஆள்தானான்னு கேளுங்க. விளம்பரத்துல இருக்கிற எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது.

எந்த நிறுவனத்துல போட்டாலும் ரசீது நிறுவனத்தோட பேருல இருக்கணும். அது இருந்தா பின்னால பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போறது சுலபம். அங்க 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. முடிஞ்சா கிரெடிட் கார்டுல கட்டுங்க. கார்டுல போன பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்க்ல வழக்காடலாம், நீங்களே மாத்தி விட்ட பணத்துக்கு அந்த வழி இல்ல.

டிக்கெட் போட்டாச்சுன்னு அவங்க சொன்னதும் 6 எழுத்து முன்பதிவுக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்க. விமான நிறுவனத்தோட சொந்தச் செயலியில அதைத் தட்டி 6 பேரும் இருக்காங்களான்னு பாருங்க. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால மறுபடியும் பாருங்க, நடுவுல ரத்து பண்ணிட்டுப் பணத்தை எடுத்துக்கிறதும் உண்டு. பேரு கடப்பிதழ்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்.

ஆயாக்கொட்டகை:
ஹோட்டலைப் பத்தி நான் சொல்றேன். முன்பதிவுத் தளத்துல நீங்களே அறை எடுத்தா, ரெண்டு மூணு நாள்ல அதே செயலியோட உரையாடல் பெட்டியில ஒரு செய்தி வரலாம். உங்க பேரு, தேதி, முன்பதிவு எண் எல்லாம் சரியா இருக்கும். "உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை, 12 மணி நேரத்தில் அறை ரத்தாகும், இந்த இணைப்பை அழுத்தவும்"னு இருக்கும். ஹோட்டலோட கடவுச்சொல்லைத் திருடி உள்ள புகுந்தவங்க அனுப்புறது அது. விவரம் எல்லாம் சரியா இருக்கிறதாலதான் படிச்சவங்களே மாட்டுறாங்க. இணைப்பைத் தொடவே வேணாம். செயலியில பணம் கட்டும் பகுதிக்குப் போய் உண்மையிலேயே ஏதாவது பாக்கி இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஹோட்டலுக்கே போன் போடுங்க. "ஹோட்டலில் கட்டவும்"னு எடுத்த அறைக்கு முன்கூட்டியே கார்டைச் சரிபார்க்கணும்னு இணைப்பு வந்தா உடனே உஷாராகிடுங்க. கார்டு எண்ணைக் கொடுத்துட்டா தாமதிக்காம பேங்கைக் கூப்பிட்டு கார்டை முடக்குங்க, பிறகு 997க்குக் கூப்பிடுங்க, அது மலேசியாவோட மோசடிப் புகார் மையம்.

அறைக்குள்ள போனதும் பையை இறக்குறதுக்கு முன்னால அண்ணனை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. துண்டு, மெத்தை விரிப்பு, சுவர், ஃபிரிட்ஜ்ல இருக்கிற தண்ணீர் பாட்டில் வரைக்கும் பதிவாகணும். முன்பணம் ரொக்கமா வாங்கினா ரசீது கேளுங்க. டெபிட் கார்டுல வாங்கினா அந்தப் பணம் பல நாள் முடங்கிக் கிடக்கும், அதனால ரொக்கமோ கிரெடிட் கார்டோ நல்லது. டுரியான், மங்குஸ்தான் ரெண்டையும் அறைக்குள்ள கொண்டு போகாதீங்க. ஒண்ணு வாசம், இன்னொண்ணு கறை, நிறைய ஹோட்டல்ல அபராதம் உண்டு. இதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது, அவங்க விதி அது.

கடப்பிதழை நகல் எடுக்கக் கேட்டா கொடுத்துத் திருப்பி வாங்கிடணும். வெளிநாட்டுக்காரங்க தங்கினா ஹோட்டல் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்கணும், அதுக்குத்தான் கேட்கிறாங்க. ஆனா வாடகை மோட்டார் சைக்கிளுக்கோ கடற்கரை ஜெட் ஸ்கீக்கோ கடப்பிதழை அடகு வைக்கவே கூடாது. திரும்பக் கொண்டு வரும்போது ஏற்கனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்குல கேட்பாங்க. கடப்பிதழ் அவங்க கையில இருக்கும்போது பேரம் பேச முடியாது.

டுரியான் தோப்பு:
டோன் முவாங் விமான நிலையத்துல இறங்கினா வரிசையில நின்னு சீட்டு வாங்கித்தான் டெக்சி ஏறணும். அந்தச் சீட்டுல வண்டி விவரம் இருக்கும், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீங்க. மீட்டர் 35 பாட்ல தொடங்கும், மேல விமான நிலையக் கட்டணம் 50 பாட். சுங்கச்சாவடிக் காசு பயணிதான் கட்டணும், அதைச் சாவடியிலயே உங்க கையால கொடுங்க. 6 பேருக்கு ஒரு டெக்சி பத்தாது. ரெண்டு எடுக்கணும், இல்லன்னா கிராப்ல பெரிய வண்டி. கூட்டத்துக்குள்ள வந்து "டெக்சி, டெக்சி"ன்னு கையைப் பிடிக்கிறவங்க கூட போக வேணாம். பாங்காக்ல மலாயை வச்சு ஓட்ட முடியாது. அதனால ஹோட்டல் பேரும் போன் எண்ணும் தாய் எழுத்துல இருக்கிற அட்டையை ஆளுக்கு ஒண்ணு சட்டைப் பையில வச்சு விடுங்க.

பாங்காக் பெரிய அரண்மனைக்கு (கிராண்ட் பேலஸ்) போனா வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலயே நல்லா உடுத்தின ஒருத்தர் வந்து, "இன்னைக்குப் பூஜை, மத்தியானம் வரைக்கும் மூடியிருக்கு"ன்னு அன்பா சொல்வாரு. பக்கத்துல ஒரு துக்துக் தயாரா நிக்கும், 20 பாட்டுக்கு ஊர் சுத்திக் காட்டுறேன்னு. அது போய் நிக்கிற இடம் ரத்தினக் கல் கடை, தையல் கடை. ஆளைக் கொண்டு வந்து விட்டதுக்கு ஓட்டுநருக்குக் கடைக்காரர் எண்ணெய்க் கூப்பனோ கமிஷனோ கொடுப்பாரு. "இந்தக் கல்லை மலேசியாவுல ரெண்டு மடங்குக்கு விக்கலாம்"னு சொன்னா எழுந்து வந்துடணும். அரண்மனை காலை 8.30 முதல் 3.30 வரைக்கும், வெளிநாட்டவருக்கு 500 பாட், சீட்டை உள்ள இருக்கிற முகப்புல வாங்கலாம். மூடியிருக்கான்னு வாசல் வரைக்கும் நடந்து போய் காவலரைக் கேளுங்க. முட்டியும் தோளும் மூடின உடுப்பு வேணும், அம்மா சேலையில போகலாம்.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்ல. வெளியில பூத்தட்டு வாங்கினா விலையை முதல்லயே கேட்டுக்குங்க.

கிராணி மகன்:
காசு விஷயம் விட்டுப் போச்சு. கார்டு இயந்திரத்துல ரிங்கிட்டா பாட்டான்னு கேட்டா பாட்டையே தட்டுங்க. ரிங்கிட்னா மாற்று விகிதத்தை அவங்க வைப்பாங்க. கடைக்காரரே ரிங்கிட்டைத் தட்டிட்டா, ரத்து பண்ணி மறுபடியும் போடச் சொல்லலாம். ஏடிஎம்ல எடுத்தா வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல பிடிப்பாங்க, அதனால சில்லறை சில்லறையா எடுக்காதீங்க. 2021லிருந்து நம்ம பேங்க் செயலியிலயே தாய்லாந்து கியூஆரை ஸ்கேன் பண்ணிக் கட்டலாம். கடைப் பேரும் தொகையும் வந்ததும் சரிபார்த்துட்டு உறுதி பண்ணுங்க. அங்க ஏதாவது வம்புன்னா சுற்றுலாப் போலீஸ் 1155.

பீடோங் மல்லிகை:
எல்லாருக்கும் நன்றி. பணம் கட்டல. டிக்கெட்டை அண்ணனே விமானச் செயலியில போடுறாரு. தாய்லாந்து வருகைப் படிவத்துக்கு ஒரு தளம் ஆளுக்குப் பணம் கேட்குது, அதைக் கட்டணுமா?

ஆயாக்கொட்டகை:
வேணாம்மா. 2025 மே 1லிருந்து அந்தப் படிவம் இணையத்துலதான், அது இலவசம். கூகுள்ல முதல்ல வர்றது பெரும்பாலும் விளம்பரம், அதைத் தொடாதீங்க. முகவரி "go.th"னு முடியிற குடிநுழைவுத் தளத்துலதான் நிரப்பணும். போய்ச் சேர்றதுக்கு 3 நாளுக்குள்ள நிரப்பினா போதும், அதுக்கு முன்னாலயே "நாங்க நிரப்பித் தர்றோம்"னு அவசரப்படுத்துற தளத்துல கடப்பிதழ் எண்ணைக் கொடுத்துடாதீங்க. 6 பேரோட உறுதிப் படிவத்தையும் அச்செடுத்துப் பெரியம்மா கையிலயும் ஒண்ணு கொடுத்து விடுங்க.