பெரிய வீட்டு உறவுகள்: பிள்ளைகளோடு தனுஷ்கோடி

நான்: எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனி, ஞாயிறு ராமேஸ்வரம் பக்கம் வருகிறோம். பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. தனுஷ்கோடி, அழகன்குளம், தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, ராமநாதபுரம் அரண்மனை, நடுவில் கடைத்தெரு. இரண்டு நாளில் முடியுமா?

ராம்நாடு அத்தை: வாங்க வாங்க. ஆனால் இவ்வளவும் வைத்தால் பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிடும். காலையில் ஒன்று, வெயில் தாழ ஒன்று. அது போதும்.

பரமக்குடி தம்பி: அக்கா, அழகன்குளத்தை எடுத்துவிடு. ரோமானியக் காசும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். எனக்கு அந்த மண் என்றால் உயிர். ஆனால் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆறு வயதுப் பையனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. கொஞ்சம் வளரட்டும், நானே கூட்டிப்போகிறேன்.

நான்: சரிடா. அப்போ சனிக்கிழமை தனுஷ்கோடி.

மண்டபம் பெரியப்பா: விடிந்ததும் கிளம்பிவிடு தாயி. ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடும், நிழல் கிடையாது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். சாலை முடிகிற அரிச்சல்முனையில் யாரையும் கடலில் இறக்காதே, காலை நனைக்கக்கூட வேண்டாம். நீரோட்டம் இழுத்துவிடும்.

அண்ணி: ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ரயில் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லாதே. போன தடவை யாரோ ஒருவர் விவரமாகச் சொன்னதைக் கேட்டு, என் மகள் ரொம்ப நாள் ரயிலில் ஏறவே பயந்தாள்.

நான்: எனக்கும் அதுதான் யோசனை அண்ணி. ஆனால் இடிந்த சுவரைப் பார்த்ததும் பெரியவன் கேட்பானே.

மண்டபம் பெரியப்பா: மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாவில் இருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளையும் பயப்படும். ஊரில் இருந்து தொடங்கு. அங்கே இடிந்து நிற்கிற சர்ச் பக்கத்தில் உட்கார வைத்து, இங்கே ரயில்வே ஸ்டேஷன் இருந்தது, தபால் ஆபீஸ் இருந்தது, உன்னை மாதிரிப் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள் என்று சொல். மெட்ராஸில் போட் மெயில் ஏறினவர் இங்கே வந்து இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். பையன் வாயைப் பிளந்து கேட்பான் பார்.

மண்டபம் பெரியப்பா: அப்புறம் நேராகச் சொல்லிவிடு. 1964 டிசம்பர் 22 ராத்திரி பெரும் புயல் அடித்தது, கடல் ஊருக்குள் ஏறியது, பாம்பனில் இருந்து வந்த ரயிலையும் கொண்டுபோய்விட்டது, அதில் வந்தவர்கள் பிழைக்கவில்லை. அவ்வளவுதான். மறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில். அந்தச் சமயம் நானும் சின்னப் பையன். மண்டபத்தில் பெரியவர்கள் குசுகுசு என்று பேசிக்கொண்டார்கள், எங்களைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். யாரும் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணி: இப்படிச் சொன்னால் சரி மாமா. நான் இதை யோசிக்கவில்லை.

மண்டபம் பெரியப்பா: பாலத்தின் கதையையும் சேர்த்துக்கொள். அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இன்ஜினியர் பொறுப்பேற்று, விழுந்ததைக் கடலில் இருந்து தூக்கி, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். வரும்போது 2025இல் திறந்த தூக்குப் பாலத்தைக் காட்டிக்கொண்டே இதைச் சொல்.

பரமக்குடி தம்பி: அக்கா, சர்ச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல். அது பவளப்பாறைக் கல். குழி குழியாக, பூப் போட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் சின்ன உயிர் ஒன்று வாழ்ந்தது. கண்ணால் பார்க்கட்டும். பெயர்க்கவோ ஏறவோ விடாதே, சுவர் தாங்காது.

நான்: இது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். சின்னவளுக்குத்தான் சிப்பிக் கடை ஆசை.

ராம்நாடு அத்தை: பவளத் துண்டு, கடல்குதிரை யார் கொடுத்தாலும் வாங்காதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி தடை. சங்கு, சிப்பியிலும் சில வகைக்குத் தடை உண்டு. அவளுக்கு ஓலைக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடு, நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருப்பாள். பனை ஓலையில் முடைந்த சின்னக் கூடை, கொட்டான், கிடைத்தால் பெரியவனுக்கு ஒன்று. அவன் வாங்கினதை அவனே தூக்கிவரட்டும்.

நான்: ஞாயிறு?

ராம்நாடு அத்தை: காலையில் அரண்மனை, ராமலிங்க விலாசம். சேதுபதி காலத்து ஓவியம் சுவர் முழுக்க இருக்கிறது. யானை எங்கே, குதிரை எங்கே என்று தேடவிடு. முடித்ததும் கடைத்தெரு. கிழங்கு சீசன், மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு கிடைக்கும். நாரை உரித்துக் கொடு, இல்லாவிட்டால் சின்னவளுக்குத் தொண்டையில் மாட்டும். மிளகாய்க் கடையில் குண்டு வத்தல் ஒன்றைக் காம்பைப் பிடித்துக் காதுப் பக்கம் ஆட்டிக் காட்டு, உள்ளே விதை கலகலக்கும். ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்காதே, கண்ணைத் தேய்த்துவிடும். தப்பித்தவறித் தொட்டால் முதலில் எண்ணெய் தடவித் துடை, அப்புறம் சோப்பு.

அண்ணி: எனக்கு அந்தக் குண்டு வத்தல், அதான் ராம்நாடு முண்டு, ஒரு கிலோ. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, இங்கே கடையில் அந்தக் காரமும் நிறமும் கிடைப்பதில்லை. பணம் ஜீபேயில் போடுகிறேன்.

பரமக்குடி தம்பி: கீழக்கரைப் பக்கம் போனால் அல்வா மாதிரி இனிப்பு, தொதல், மறக்காதே அக்கா.

நான்: சரி, தேவிபட்டினமும் உத்தரகோசமங்கையும் அடுத்த தடவை. பெரியப்பா, தனுஷ்கோடிக்கு நீங்களும் வாங்களேன். நான் சொல்வதை விட நீங்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மண்டபம் பெரியப்பா: வருகிறேன் தாயி. ஐந்தரைக்குத் தயாராக இருப்பேன். பையனை என் பக்கத்தில் உட்கார வை.

ராம்நாடு அத்தை: ஞாயிறு மதியம் எல்லோரும் நம் வீட்டில்தான் சாப்பாடு. கணவாய் வாங்கி வைக்கிறேன், அதில் முள் கிடையாது. பிள்ளைகளுக்குக் காரம் போடாமல் தனியாக எடுத்து வைக்கவா?

நான்: சின்னவளுக்கு மட்டும் அத்தை. பெரியவன் காரம் சாப்பிடுவான்.