பழைய வீட்டு மெயின் போர்டை மாற்ற 78,000 கேட்கிறார்கள், நியாயமா?

வீரவநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1985-ல் கட்டிய வீடு, 2004-ல் மாடி எடுத்தோம். மெயின் போர்டு இன்னமும் நடையில் கதவுக்குப் பின்னால் இருக்கிற அதே தேக்குப் பலகைதான். மூன்று பீங்கான் பியூஸ், ஒரு இரும்பு மெயின் சுவிட்ச். மாடிக்கென்று பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு எம்சிபி (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்). எர்த் கம்பி கொல்லைப் பக்கம் போகிறது, அதற்கு மேல் எங்கே போகிறது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

போன சித்திரையில் மாடியில் ஒன்றரை டன் ஏசி மாட்டினோம். அது ஓடும்போது கீழே இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் நடு பியூஸ் போய்விடும். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு இழை இருந்த இடத்தில் மூன்று இழையாக முறுக்கிப் போட்டுவிட்டு "இனிமே போகாது" என்றார். அதற்கப்புறம் நிஜமாகவே போகவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பியூஸ் கட்டையின் ஒரு ஓரம் பழுப்பேறிக் கிடக்கிறது. கேட்டால் "நாப்பது வருஷம் ஓடுச்சுல்லா, இப்ப என்ன கேடு வந்துட்டு?" என்கிறார்.

இரண்டு பேரிடம் கேட்டோம். உள்ளூர்க்காரர் 24,000 சொன்னார்: புதுப் பெட்டி வைத்து, இருக்கிற ஒயரை அப்படியே அதில் மாற்றிக் கொடுப்பது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர் 78,000: த்ரீ பேஸ் (கம்பத்திலிருந்து ஒரு மின் லைனுக்குப் பதில் மூன்று), முக்கியமான லைன் எல்லாம் புது ஒயர். இரண்டு பேருமே துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். எதை நம்புவது? த்ரீ பேஸ் எங்களுக்கு வேண்டுமா?

தச்சை மைந்தன்:

நான் தச்சநல்லூரில் போன வருடம் செய்தேன். கீழ்வீடு மட்டும், 1,100 சதுர அடி. சிங்கிள் பேஸிலிருந்து த்ரீ பேஸ். எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் 62,000 ஆனது. அதனால் 78 ரொம்ப அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று, சுவரை வெட்டியதைப் பூசவும் பெயிண்ட் அடிக்கவும் கொத்தனாருக்குத் தனியே 9,000 கொடுத்தேன். அது எந்த எஸ்டிமேட்டிலும் வராது. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளை வயர்மேன்:

அக்கா, 24 வேண்டவே வேண்டாம். 78 சரியா தப்பா என்பதை அந்தக் காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மொத்தத் தொகையில் பேரம் பேசினால் அவர் 78-ஐ 70 ஆக்குவார், குறைந்த எட்டை எர்த் குழியில் எடுத்துவிடுவார். பெட்டிக்கு எவ்வளவு, ஒயருக்கு எவ்வளவு, எர்த்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மின்வாரியத்துக்குக் கட்டும் பணம் இதில் வரவே கூடாது. மேம்பாட்டுக் கட்டணம், வைப்புத்தொகை எல்லாம் கிலோவாட் கணக்கில் வரும், நீங்களே ஆன்லைனில் கட்டி ரசீது எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் பெட்டிதான் பெரிய செலவு என்று நினைக்கிறார்கள். அதுதான் மலிவு. சிங்கிள் பேஸ், 12 வழி, இரட்டைக் கதவு பெட்டி 2,500-க்குள் முடிந்துவிடும். ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற மிஷின், 2,000 சொச்சம். எம்சிபி ஒன்று 200 வைத்துக்கொள்ளுங்கள், பத்துப் போட்டால் 2,000. ஐசோலேட்டர் (மொத்தத்தையும் அணைக்கிற மெயின் சுவிட்ச்), சில்லறைச் சாமான் சேர்த்தாலும் 8,000-ஐத் தாண்டாது. த்ரீ பேஸ் என்றால் பெட்டியும் பெரிது, நாலு போல் (நாலு ஒயருக்கான) ஆர்சிசிபியும் விலை கூடுதல், 15,000 பக்கம் வரும். இது நான் இப்போது வாங்குகிற விலை, கம்பெனியைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஆக, 24-ல் சாமான் போக மிச்சம் அவர் கூலி. பழைய ஒயரைப் புதுப் பெட்டியில் செருகுவதற்கு அது அதிகம்.

பணம் போகிற இடம் ஒயர். தாமிரம் விற்கிற விலையில் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயர் 90 மீட்டர் சுருள் 8,000-க்குக் குறைந்து கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் கீழே 85-ல் போட்டது அலுமினியமாக இருக்க வாய்ப்பு உண்டு, அப்போது நிறைய வீட்டில் அதுதான். மெயினை அணைத்துவிட்டு ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதன் நுனியில் தாமிர ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அந்த இடம்தான் முதலில் சூடாகும். அலுமினியம் ஸ்குருவுக்கு அடியில் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும், மேலே ஆக்சைடு படியும், அப்புறம் கருகும். நீங்கள் சொன்ன பழுப்பு அதுவாகவும் இருக்கலாம்.

அப்பா முறுக்கிய மூன்று இழையை இன்றைக்கே எடுத்துவிட்டு ஒற்றை இழை போடச் சொல்லுங்கள். பியூஸ் போகவில்லை என்றால் ஒயர் பியூஸ் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். எம்சிபியிலும் இதே கூத்து நடக்கும். டிரிப் ஆகிறது என்று சொன்னால் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். எம்சிபி அளவு ஒயரைப் பார்த்துப் போடுவது: ஒன்றரை ஸ்கொயருக்கு 10, ரெண்டரைக்கு 16, நாலுக்கு 20 அல்லது 25. தொடங்கும்போது கூடுதல் கரண்ட் இழுக்கிற ஏசிக்கும் மோட்டாருக்கும் சி வகை எம்சிபி, லைட்டுக்கு பி வகை போதும்.

இனி ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் என்று மேலே எழுதியிருக்க வேண்டும். 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்க. ஆளைக் காப்பாற்றுவது 30-தான். இது லோடு அதிகமானால் விழாது, ஷார்ட் ஆனாலும் விழாது, அதற்கு எம்சிபி. கசிவுக்கு மட்டும்தான் இது. பழைய வீட்டில் இதை மாட்டினால் முதல் நாளே தொல்லை கொடுக்கும். மாடிப்படி லைட்டைப் பாருங்கள், கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். பேஸ் (கரண்ட் வருகிற ஒயர்) கீழ்வீட்டிலிருந்து எடுத்திருப்பான், நியூட்ரல் (அது திரும்பிப் போகிற ஒயர்) மாடியில் பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்திருப்பான். கீழுக்கு ஒன்று மாடிக்கு ஒன்று என்று இரண்டு ஆர்சிசிபி வைத்தால், அந்த ஒரு பல்பைப் போட்டதும், போன கரண்ட் அதே மிஷின் வழியே திரும்பாததால், இரண்டில் ஒன்று விழும். இன்வெர்ட்டர் லைனிலும் இப்படித்தான், எல்லா நியூட்ரலும் ஒரே முடிச்சில் கிடக்கும். அதைப் பிரித்துச் சரிசெய்ய ஆளுக்கு ஒரு முழு நாள் போய்விடும். பிரிக்கச் சோம்பல்பட்டு "மிஷின் கோளாறு" என்று ஆர்சிசிபியைத் தாண்டி நேரே லைன் கொடுத்துவிட்டுப் போன வீடுகளைப் பாளையங்கோட்டையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் மிஷின் இருக்கும், வேலை செய்யாது.

உங்கள் வீட்டில் என்னென்ன ஓடுகிறது, பில்லில் எத்தனை கிலோவாட் போட்டிருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் த்ரீ பேஸைப் பற்றிச் சொல்கிறேன்.

வீரவநல்லூர்க்காரி:

ரொம்ப நன்றி தம்பி. அப்பாவிடம் சண்டை போட்டு ஒற்றை இழை போட்டாயிற்று. சமையலறைப் போர்டைக் கழற்றிப் பார்த்தார்கள், வெள்ளைக் கம்பிதான்.

பில்லில் 2 கிலோவாட் என்று இருக்கிறது. ஓடுவது: ஏசி ஒன்றரை டன், அடுத்த வருடம் கீழே அப்பா அறைக்கு ஒரு டன். குளியலறையில் இன்ஸ்டன்ட் ஹீட்டர், 3 கிலோவாட். இண்டக்‌ஷன் 2. ஒரு குதிரைத்திறன் மோட்டார். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எட்டு ஃபேன்.

பாளை வயர்மேன்:

எல்லாம் கூட்டினால் 11 கிலோவாட் பக்கம் வருகிறது. 4-ஐத் தாண்டினாலே த்ரீ பேஸ் என்பதுதான் விதி, அதனால் அம்பாசமுத்திரத்துக்காரர் சொன்னது நியாயம். 2 கிலோவாட்டை வைத்துக்கொண்டு இத்தனையும் ஓட்டுவது சரியில்லை, கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் ஒயரும் அந்தக் காலத்து அளவாகத்தான் இருக்கும். த்ரீ பேஸ் வாங்கினால் மாதாமாதம் தண்டம் அழ வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணத்தை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். இலவச யூனிட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டில் ஏசியைவிடக் காலை நேரம்தான் பிரச்சினை. ஹீட்டருக்கு 13 ஆம்பியர், இண்டக்‌ஷனுக்கு 9, மோட்டாருக்கு 5 அல்லது 6. ஆறரை மணிக்கு மூன்றும் சேர்ந்து ஓடும். த்ரீ பேஸில் இந்த மூன்றையும் மூன்று பேஸில் பிரித்துவிட்டால் எதுவும் திணறாது. பெட்டி மாற்றிய பிறகும் எல்லாம் ஒரே பேஸில் கிடந்தால் காசு வீண், அதனால் எந்த லைன் எந்த பேஸ் என்று பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, நம்ம ஊரில் எட்டு மாதம் டேங்குத் தண்ணியே சுடுதண்ணிதான். அந்த 3 கிலோவாட் ஹீட்டர் கெட்டால் அடுத்தது 2 கிலோவாட் ஸ்டோரேஜ் வாங்குங்கள்.

தேரிக்காட்டான்:

திசையன்விளையிலிருந்து எழுதுகிறேன். த்ரீ பேஸ் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நியூட்ரலைப் பற்றி யாருமே சொல்லவில்லை பாருங்கள். போன ஆடிக் காற்றில் பனை மட்டை விழுந்து எங்கள் சர்வீஸ் கம்பியில் நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டது. சிங்கிள் பேஸாக இருந்தால் லைட் அணைந்திருக்கும், அவ்வளவுதான். த்ரீ பேஸில் ஒரு அறையில் பல்பு மங்கியது, இன்னொரு அறையில் பளீரென்று எரிந்து வெடித்தது. பிரிட்ஜும் டிவியும் போயே போய்விட்டன. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒரு பேஸில் 340 வோல்ட் காட்டியது. அதற்கப்புறம் ஓவர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கிற கருவி ஒன்று வாங்கி மாட்டினோம்.

பாளை வயர்மேன்:

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நியூட்ரல் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, பேஸ் ஒயர் என்ன கனமோ அதே கனம். அந்தக் கருவியையும் எஸ்டிமேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

எர்த் விஷயத்தில் அண்ணாச்சி ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நிறைய வித்தியாசம். தேரி மணலில் ஈரம் நிற்காது, அங்கே இரண்டு குழி போட்டாலும் கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீரவநல்லூர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம், மண்ணில் ஈரம் இருக்கும். இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், கரியும் உப்பும் போட்டுப் பழைய முறையில் இறக்கினாலே போதும். குழிக்கு 5,000, 6,000 ஆகும். கரிக்கும் உப்புக்கும் பதில் ரசாயனத் தூள் போடுகிற கெமிக்கல் எர்த் என்று இரண்டு மடங்கு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் வர வேண்டும்.

மீனாட்சிபுரத்தான்:

பெட்டியை எந்த உயரத்தில் வைக்கப் போகிறீர்கள்? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் தெருவில் மீட்டர், மெயின் எல்லாம் தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்த பிறகு எம்சிபியைக் காயவைத்துப் போடலாம் என்று பக்கத்து வீட்டில் பார்த்தார்கள், உள்ளே சேறு. மொத்தமும் மாற்றவேண்டி வந்தது. இப்போது நாங்கள் கண் மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டோம். கீழ்த்தளத்து பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் தனி எம்சிபி, தண்ணீர் ஏறினால் அதை மட்டும் அணைத்துவிட்டு மாடியில் இருக்கலாம்.

வீரவநல்லூர்க்காரி:

எங்கள் தெரு மேடு, 2023-ல் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் உயரமாகவே வைக்கச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துக்காரர் பிரித்து எழுதித் தந்துவிட்டார். பெட்டியும் உள்சாமானும் 16,500. ஒயர், பைப் 27,000. எர்த் இரண்டு குழி 11,000. கூலி 17,000. கூட்டினால் 71,500 வருகிறது. மிச்சம் 6,500 எங்கே என்று கேட்டேன், "ஆபீஸ் செலவு" என்றார். அதை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றதும் எடுத்துவிட்டார். வோல்டேஜ் கருவிக்கு 3,000 சேர்த்து 74,500. மாடிக்கு 2004-ல் போட்டது தாமிர ஒயர்தான், அதை மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னார். முன்பணம் பாதி கேட்கிறார், கொடுக்கலாமா?

பாளை வயர்மேன்:

இந்தக் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வாரியத்துக்கு டெஸ்ட் ரிப்போர்ட் அவர்தான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பாதி முன்பணம் கொடுக்காதீர்கள். பெட்டியும் ஒயரும் கடையில் நீங்களே பணம் கட்டி ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள், கூலியில் மட்டும் ஐயாயிரம் முன்னால் கொடுத்தால் போதும். பெட்டியில் எம்சிபி இல்லாத காலி இடத்துக்கு மூடி போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பல்லி உள்ளே போய் பஸ்பாரில் (எம்சிபிகளுக்குக் கரண்ட் கொடுக்கிற உலோகப் பட்டை) ஷார்ட் ஆகும். கடைசி நாள் எல்லா லைட்டும் போட்டு, ஹீட்டரும் ஓடும்போது ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்துங்கள். வீடு மொத்தமும் அணைந்தால் பாக்கியைக் கொடுங்கள்.