தாமிரபரணிக் கரையில் சுரங்கம் உண்டா?

கேள்வி (உதய்ப்பூரிலிருந்து)

எங்களுக்குச் சொந்த ஊர் செய்துங்கநல்லூர் பக்கம். போன மாதம் மகனை இங்குள்ள ஜாவருக்குக் கூட்டிப்போனேன். 2,000 வருஷத்துக்கும் முந்தைய வெள்ளி, ஈயச் சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. பின்னாளில் துத்தநாகம் காய்ச்சிய மண்குழாய்கள் மலைமலையாகக் கிடக்கின்றன. அவற்றை அடுக்கியே வீட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பார்த்ததிலிருந்து, "நம்ம ஆத்துக்குத் தாமிரபரணின்னு பேரு, தாமிரச் சுரங்கம் எங்கப்பா?" என்று நச்சரிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம். எங்கே கூட்டிப்போகலாம்?

பதில் 1

ஆதிச்சநல்லூர் போங்க அண்ணாச்சி. திருச்செந்தூர் ரோட்டிலேயே, கருங்குளம் தாண்டியதும் வந்துவிடும்.

பதில் 2 (கருங்குளம்)

பேரை வைத்துச் சுரங்கம் தேட வேண்டாம். அப்படி ஒன்றைக் காட்ட இங்கே இடமில்லை. ஆனால் உலோகத்தைக் கையாண்டவர்கள் இருந்த மண் இது.

ஆதிச்சநல்லூரில் பரம்பு என்று நாங்கள் சொல்லும் மேடு, அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தாழி என்கிற பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த இடம். அங்கே 114 ஏக்கருக்கு வெறும் சரளும் வெங்கச்சங்கல்லும்தான். சின்ன வயதில் ஆடு பத்திக்கொண்டு போனபோது உடைந்த கிண்ணம் ஒன்று கையில் கிடைத்தது. உள்ளே முழுக்கக் கறுப்பு, வெளியே வாய்ப்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் திரும்ப அங்கேயே கூட்டிப்போய் வைக்கச் சொன்னார். "செத்தவங்க சொத்துடா" என்றார். உங்கள் மகனும் எதையும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

1876-ல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899-க்கு அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலத்தில் எருமை, நாய், ஏராளமான இரும்பு ஆயுதங்கள் எல்லாம் வந்தன. அவை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. வெண்கலத்துக்கு வெள்ளீயம் வேண்டும், அது இந்தப் பக்கம் கிடையாது. அப்படியென்றால் எங்கிருந்தோ வந்திருக்கிறது. இரும்பின் துருவில் துணியின் நெசவுத் தடம் ஒட்டியிருந்ததாம். எனக்குத் தங்கத்தைவிட அதுதான் பெரிது.

சுரங்கம் கேட்கிற பையனுக்கு இதைச் சொல்லுங்கள்: சில தாழிகளை இறக்கப் பாறையையே குடைந்து குழி வெட்டியிருக்கிறார்கள். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில், தோண்டிய குழிகளையும் தாழிகளையும் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று குனிந்து பார்க்கலாம்.

பதில் 3

அப்படியே ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைத் தாண்டி சிவகளையும் போய்விடுங்கள். அங்கே தாழியிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் வந்தது. இரும்புக்கு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். ஏரல் வழியாகக் கொற்கை பக்கம்தான். முத்துக்குளித்த துறைமுகம், இப்போது கடல் உள்வாங்கி ஊர் தள்ளி நிற்கிறது.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. உங்கள் அப்பா சொன்னதை மகனிடம் வாசித்துக் காட்டினேன். ஜாவரிலிருந்து ஒரு மண்குழாய்த் துண்டை எடுத்து வந்திருந்தான், எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைக்கிறோம்.

பதில் 2

நல்லது. பரம்புக்குக் காலையிலேயே வாருங்கள், அங்கே நிழல் குறைவு.