34 பேரில் 43.0 சதவீதம்: பொய்யா, பிழையா?

கணக்குப்பிள்ளை: ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் குழு 34 பேர், குணமானவர்கள் 43.0% என்று இருக்கிறது. 14 பேர் என்றால் 41.2. 15 பேர் என்றால் 44.1. அரை ஆளை எண்ண முடியாது. இட்டுக்கட்டியதுதான், வேறென்ன?

பகுதிதொகுதி: அவசரம் வேண்டாம். 34 என்பது சேர்ந்தவர்கள் கணக்கு. இடையில் விலகியவர்கள், பதில் சொல்லாதவர்கள் போக வரிக்கு வரி பகுதி, அதாவது வகுக்கும் எண், மாறும்.

கணக்குப்பிள்ளை: அதையும் போட்டுப் பார்த்தாயிற்று. 1 முதல் 34 வரை ஒவ்வொன்றையும் 0.43ஆல் பெருக்கி, விடைக்கு முன்னும் பின்னும் உள்ள முழு எண்களைத் திரும்ப வகுத்துப் பாருங்கள். 30இல் 13 என்றால் 43.3. 28இல் 12 என்றால் 42.9. 43.0 முதன்முதலில் கிடைப்பதே 79இல் 34க்குத்தான். ஆட்களுக்குப் பதில் கண்களை எண்ணினார்கள், ஆளுக்கு இரண்டு என்று 68 ஆக்கினாலும் எட்டாது.

பகுதிதொகுதி: சரி. 13/30ஐ 43 என்று முழுதாக்கி வைத்திருக்க, விரிதாள் பின்னால் ஒரு '.0' ஒட்டியிருந்தால்? அட்டவணையின் அந்தச் செங்குத்து வரிசையில் எல்லாமே .0 என்று முடிந்தால் அது வடிவமைப்பின் வேலை. பக்கத்திலேயே 26.5, 44.1 என்று இருந்தால் என் வாதம் விழுந்தது. விடுபட்ட மதிப்புகளைக் கணித்து நிரப்பியிருந்தால் தொகுதி, அதாவது மேலே உள்ள எண், முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆய்வுமுறைப் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. ஆய்வாளர்கள் நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016இல் முன்வைத்த கிரிம் (GRIM) சோதனை, சராசரிகளுக்கு இதே கணக்கைப் போடுவதுதான். சோதிக்க முடிந்த 71 உளவியல் கட்டுரைகளில் 36இல் பொருந்தாத சராசரி இருந்தது. 36ம் மோசடியா?

ஓரெண்: அட்டவணையில் எத்தனை கட்டம் இப்படித் தவறுகிறது என்று எண்ணினால் பாதிச் சண்டை தீரும். 0.0 முதல் 100.0 வரை 1001 மதிப்புகள். 34 பேருக்கு, குணமானவர் 0 முதல் 34 வரை என்று, அதில் 35தான் சாத்தியம். மனம்போன போக்கில் எழுதிய எண் தப்பிப்பது நூற்றுக்கு மூன்று நான்கு முறை. 20 கட்டத்தில் ஒன்று தவறினால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். 18 தவறினால், ஆட்களை யாரும் எண்ணவே இல்லை.

பகுதிதொகுதி: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளுக்கொரு வரி போட்டு விரிதாளிலேயே பொய்யை நிரப்பினால் எல்லாச் சதவீதமும் கச்சிதமாகப் பொருந்தும். கெட்டிக்காரன் மாட்டமாட்டான். குழு 1000ஐத் தொட்டாலோ, ஒரு தசமத்தில் எந்த எண்ணும் சாத்தியம். சோதனைக்கு வேலையே இல்லை. மூலத் தரவைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை: கேட்டால் தருகிறார்களா? நீங்கள் காட்டிய அதே ஆய்வில் 21 கட்டுரைகளுக்குத் தரவு கேட்டார்கள். வந்தது 9க்கு. அந்த ஒன்பதிலும் பிழை இருந்தது.