ஃபால்கனெரி இனம் என்று வாங்கிய ரோடோடென்ட்ரான் பூச்செடி, புது இலை மஞ்சளாகிறது. உதவி!

கேள்வி:
மூன்று வருடம் முன் 'ஃபால்கனெரி' என்று கொடுத்த கன்று, இப்போது இடுப்பு உயரம். இந்தப் பருவத்தில் வந்த புது இலைகள் மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை. பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் இருவேளை ஊற்றுகிறேன், மரச்சாம்பலும் போட்டேன். இன்னொன்று, இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் இருக்கிறது. இது ஃபால்கனெரிதானா?

பதில் 1:
சாம்பலா! முதலில் அதைச் சுரண்டி எடுங்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிர். இந்தச் செடிக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 4.5 முதல் 6 வரை, அதாவது அமிலப் பக்கமாக வேண்டும். மண் காரமானால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பழைய இலையிலிருக்கும் இரும்பு புது இலைக்குப் போகாது, அதனால்தான் துளிர் முதலில் வெளுக்கிறது. மண்ணைச் சோதித்துவிட்டுக் கொஞ்சம் கந்தகத்தூள் கலக்கலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுக்கும் இரும்பு உரம்) கொடுங்கள். அலுமினியம் சல்ஃபேட் பக்கமே போகாதீர்கள், வேருக்கு விஷம்.

பதில் 2:
பெயர் விஷயம். ஃபால்கனெரி இலையின் மேல்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். வளர்ந்த செடியில் அடிப்பக்கம் துருநிறக் கம்பளிபோல் ரோமம் இருக்கும், விரலால் தேய்த்தால் தெரியும். வழவழப்பான வெள்ளி என்றால் ரோடோடென்ட்ரானிலேயே கிராண்டியா என்ற உட்பிரிவாக இருக்கலாம், சினோகிராண்டே என்ற இனம் அந்த வகைதான். அதன் இலை 80 செ.மீ. வரைகூட நீளும். ஆனால் இளங்கன்றில் ரோமம் முழுதாக வந்திருக்காது, அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். எதுவானாலும் இரண்டுமே இலையில் செதில் இல்லாத ஹைமனாந்தீஸ் என்ற ஒரே பெரிய பிரிவைச் சேர்ந்தவை, பராமரிப்பு ஒன்றுதான்.
அப்புறம், தண்டின் அடிப்பாகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

கேட்டவர்:
இப்போது தோண்டிப் பார்த்தேன். காற்றுக்கு ஆடுகிறதே என்று நடும்போது நான்கு விரல்கடை மண் ஏற்றியிருந்தேன். பிஎச் 7.2 காட்டுகிறது.

பதில் 2:
கார மண்ணோடு ஆழ நடவும் சேர்ந்துவிட்டது. இதன் வேர் நூல்போல மேலாக ஓடும், ஆழத்தில் மூச்சு முட்டும். நீங்கள் ஊற்றும் இருவேளைத் தண்ணீர் அதை இன்னும் மோசமாக்கும். வேர்ப்பந்தோடு தூக்கி, மேல்பாகம் தரைமட்டத்துக்குச் சற்று உயர்ந்தே இருக்குமாறு நடுங்கள். பைன் பட்டைத் துண்டுகளை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். அடியில் கொத்தவே கூடாது. ஆட்டத்துக்குக் கம்பு கட்டினால் போதும்.

கேட்டவர்:
சரி, நாளை காலையே தூக்குகிறேன். மஞ்சள் இலை மறுபடி பச்சையாகுமா?

பதில் 1:
அவற்றில் சில அப்படியே நிற்கும். அடுத்த துளிரைப் பாருங்கள்.