லேத் ஸ்பிண்டில் துளையில் துரு: சென்டர் பிடிக்காமல் வழுக்குகிறது, என்ன செய்வது?

ஏற்காட்டுக் கடைசல்:
வணக்கம். ஏற்காட்டில் சிறிய மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டங்களில் கழிக்கும் சில்வர் ஓக், வயசான காப்பிக் கட்டை இதெல்லாம் வாங்கி மத்து, பூரிக்கட்டை, கிண்ணம் கடைவேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் பட்டறையைத் திறக்கவே இல்லை. நம்ம மூடுபனிதான் தெரியுமே. லேத்தில் சுழலும் ஸ்பிண்டிலின் துளையில் செருகி, கட்டையைப் பிடித்துச் சுழற்றும் பல் வைத்த டிரைவ் சென்டரைக் கழற்றாமலே விட்டுவிட்டேன்.

போன வாரம் பின்னாலிருந்து கம்பியை விட்டுத் தட்டி ஒரு வழியாக எடுத்தேன். தண்டு முழுக்கச் செம்பழுப்பு வளையம். டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள்ளும் துரு, அதன்மேல் மரத்தூள் களிம்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. இப்போது சென்டரைத் திரும்பப் போட்டால் ஆடுகிறது. உளி கட்டையைத் தொட்டதும் ஸ்பிண்டில் மட்டும் ஓடுகிறது, சென்டர் நின்றுவிடுகிறது.

கடைக்காரர் ஒருவர் டிரில்லில் எமரித் தாள் சுற்றி உள்ளே விடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) கழற்றி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் கொண்டுபோகாமல் இங்கேயே சரிசெய்ய முடியுமா?

அஸ்தம்பட்டி ரசிகர்:
எமரி வேண்டவே வேண்டாம், நல்லவேளை செய்யவில்லை. துளை வாயின் விட்டம் என்ன? சுமார் 18 மி.மீ. என்றால் எம்டி2 (மோர்ஸ் டேப்பர் என்ற சரிவுத் துளையின் 2-ம் அளவு), 12 என்றால் எம்டி1.

ஏற்காட்டுக் கடைசல்:
17.8 வருகிறது. எம்டி2-தான் போல.

சூரமங்கலம் மெஷினிஸ்ட்:
தம்பி, ரிட்டயர் ஆகும்வரை லேத்தோடவே இருந்தவன் சொல்றேன், பயப்படாதீங்க, மலையிலேயே முடியும்.

அந்த டேப்பர் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் மிச்சம் தானாகப் புரியும். 1860-களில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் கொண்டுவந்த சரிவு அது. எம்டி2-வில் 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. குறையும். அவ்வளவு சின்னச் சரிவு என்பதால் தண்டும் துளையும் நீளம் முழுக்க ஒட்டி, உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். போல்ட்டும் இல்லை, சாவியும் இல்லை. நடுவில் ஒரே ஒரு துணுக்கு மாட்டினாலும் தண்டு அந்த இடத்தில் மட்டும் தொடும், சுற்றிலும் காற்றுதான் இருக்கும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

அதனால் துரு அரித்த குழியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குழி பிடிப்பைப் பெரிசாகக் கெடுக்காது, மேடுதான் கெடுக்கும். எமரி மேட்டோடு நல்ல இரும்பையும் தின்று சரிவையே மாற்றிவிடும். அப்புறம் எதைப் போட்டாலும் ஆடும். வெளியிலிருந்து வந்து ஒட்டியதை மட்டும் எடுங்க.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க. எல்லாம் கையால்தான். துணி சுற்றிய கட்டையை ஓடுகிற ஸ்பிண்டிலுக்குள் விட்டுக் கை திருகிப்போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

சென்டரின் தண்டைப் பார்த்து அதே சரிவில், ஒரு நூல் மெலிசாக ஒரு மரக்குச்சி செதுக்குங்க. கடைந்தே எடுக்கணும் என்றால், ஸ்பிண்டிலின் வெளி மரையில் மாட்டும் சக்கில் (கட்டையைக் கவ்வும் பிடி) பிடித்துக் கடையலாம், அதற்கு டேப்பர் தேவையில்லை. குச்சியில் பனியன் வேஸ்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி, டர்பன்டைனில் நனைத்து உள்ளே விட்டுத் திருகுங்க. துணி கறுப்பாக வரும், அடுத்தது காப்பி நிறம், அப்புறம் வெளுக்கும். துணியை மாற்றிக்கொண்டே இருங்க. அதற்கும் போகாத துருவுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், துளி எண்ணெய், இலேசான கை. காற்றுத் துப்பாக்கி அடிக்க வேண்டாம், தூள் பேரிங் பக்கம் போய்விடும்.

முடிந்ததும் துளையைக் காயத் துடைத்து, சென்டர் தண்டில் மார்க்கரால் நீளவாட்டில் மூன்று கோடு போடுங்க. மெல்லச் செருகி, கால் சுற்றுத் திருகி எடுங்க. கோடு எங்கே அழிந்ததோ அங்கேதான் தொடுகிறது. ஒரே புள்ளியில் அழிந்தால் அங்கே இன்னும் மேடு இருக்கிறது. அப்போதுதான் எம்டி2 ஃபினிஷிங் ரீமர் (துளையின் உட்புறத்தைச் சீவும் கருவி). எண்ணெய் விட்டுக் கையால் ஒன்றிரண்டு சுற்று, வெட்டும் திசையில் மட்டும். பின்னோக்கித் திருப்பினால் விளிம்பு மழுங்கிவிடும்.

நாகலூர் பட்டறை:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கும் இதே மலைதான். பச்சைக் கட்டை கடைந்தால் தெறிக்கிற சாறு துளைக்குள் போய் இரும்பைக் கறுக்கவைக்கும், துவர்ப்பு மரம் என்றால் இன்னும் மோசம். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மசி காய்ச்சுவார்களே, அதே சங்கதிதான். தினமும் சாயங்காலம் சென்டரைத் தட்டி எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் உள்ளே துடைப்பேன். காலையில் காய்ந்த துணியால் அதை முழுக்க எடுத்துவிடணும். எண்ணெய்ப் பசை இருந்தால் டேப்பர் வழுக்கும்.

ஏற்காட்டுக் கடைசல்:
எல்லாருக்கும் நன்றி. பதினோரு துணி ஆயிற்று. ஏழாவதோடு ஒரு பொருக்கு வந்தது. பாசிப்பருப்பு அளவுதான், ஒரு பக்கம் துரு, மறுபக்கம் இறுகிய மரத்தூள், நகத்தால் அழுத்தினால்கூட உடையவில்லை. வாயிலிருந்து 3 செ.மீ. உள்ளே ஒட்டியிருந்திருக்கிறது.

மார்க்கர் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு முழுக்க அழிந்தது. மூன்றாவது மட்டும் அகலப் பக்கத்து விளிம்பில் பொட்டாக அழிந்திருக்கிறது. சென்டரைத் திருப்பித் திருப்பிச் செருகினாலும் அதே கோட்டில்தான் வருகிறது. ரீமர் வாங்கட்டுமா?

சூரமங்கலம் மெஷினிஸ்ட்:
வாங்காதீங்க. சென்டரோடு சேர்ந்து சுற்றுகிறது என்றால் மேடு துளையில் இல்லை, தண்டில் இருக்கிறது. இரும்புச் சுத்தியலால் தட்டிப் போடுவீங்களா? அந்தப் பொட்டு மேல் விரலை ஓட்டிப் பாருங்க.

ஏற்காட்டுக் கடைசல்:
ஆமாம் ஐயா, சுத்தியல் தழும்பு! விரலில் நெருடுகிறது.

சூரமங்கலம் மெஷினிஸ்ட்:
எண்ணெய்க் கல்லால் அந்த மேட்டை மட்டும் தட்டையாக இழைங்க. விரலில் நெருடாதபோது நிறுத்திடுங்க. இனிமேல் சென்டரை மாட்ட மரச்சுத்தியல்தான். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் துளையையும் இதே மாதிரி ஒருமுறை துடைத்துப் பார்த்துடுங்க.

ஏற்காட்டுக் கடைசல்:
இழைத்தாயிற்று. மூன்று கோடும் அழிகிறது. இன்று காலை சில்வர் ஓக்கில் ஒரு மத்து கடைந்தேன், சென்டர் அசையவே இல்லை. டெயில்ஸ்டாக்கில் போட்ட முதல் துணியும் கறுப்பாகத்தான் வந்திருக்கிறது.